ஜன்னலோரம் டிரம்முக்கு

இப்படி நெருங்கி உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஜன்னலோரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது ஆள் இல்லை, பேஸ் டிரம், காலால் உதைத்து வாசிக்கிற பெரிய டிரம். பழைய போர்வையில் உறை தைத்துப் போட்டிருப்பதால் யாரோ பெரியவர் குளிருக்குச் சுருண்டு தூங்குகிற மாதிரி தெரியும். பயப்படாமல் சாய்ந்துகொள்ளுங்க, அது ஒன்றும் சொல்லாது. அடித்தால்தான் சொல்லும்.

கண்டக்டர் முதலில் இதைக் கூரைமேல் போடச் சொன்னார். "சார், இது மிக்கேல் மலை டிரம்" என்றேன். மனுஷர் சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஜன்னலோரமா வெச்சுக்கங்க பெரியவரே, காத்து வரட்டும்" என்றார். டிரம்முக்கு எதுக்குக் காத்து? ஆனால் மரியாதை அப்படி. நீங்க வெளியூரா? மிக்கேல் மலை டிரம் கேள்விப்பட்டதே இல்லையா? சரியாப் போச்சு. அடிவாரம் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, சொல்றேன் கேளுங்க.

அதோ முன்னால், பெண்கள் சீட்டில், கருநீலச் சேலை. மடியில் துணிப்பை. அதுதான் என் வீட்டுக்காரி, செங்கோல்மேரி. அந்தப் பைக்குள் டிரம் செட்டுடைய மொத்த ஸ்டாண்டும் இருக்கு. சிம்பல் தட்டு மாட்டுற ஸ்டாண்டு, ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கு ஸ்டாண்டு, கால் பெடல், எல்லாம். மற்ற செட்டுக்காரன் ஸ்டாண்டைத் தூக்குவதற்கென்றே ஆள் வைப்பான். எங்களுக்கு ஒரு பொம்பளை மடி போதும்.

தங்கமான மனுஷி. குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு குறை, அதைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு அடைக்கும். சங்கீத ஞானம் துளிகூடக் கிடையாது தம்பி. எனக்கு அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோச்சு, ஆனால் காது இருக்கு பாருங்க, அது ஆண்டவன் கொடுத்தது. பக்கத்துத் தெருவில் சைக்கிள் பெல் அடித்தால் யார் சைக்கிள் என்று இங்கிருந்தே சொல்லுவேன். இவளோ நாள் முழுக்கத் தையல் மெஷின். கடகட கடகட கடகட. காலால் மிதிக்கிறது ஒரே சீராக, கொஞ்சம் முந்தாது, கொஞ்சம் பிந்தாது, மணிக்கணக்கா அப்படியே போகும். அந்தச் சத்தத்திலேயே கிடந்து பாவம், காது மரத்துப்போச்சு. தாளம் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஊர் பொன்மலைப்பட்டி, திருச்சி. தனிஸ்லாஸ் மெல்லிசைக் குழு என்று ஒன்று. அதில் டிரம்முக்கு நான்தான், என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து. ஒரு தவக்காலத்தில், வேன் மேலே கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து என் செட்டு ரோட்டில் விழுந்துபோச்சு. ஸ்னேர் உருண்டு வாய்க்காலுக்குப் போனது. பேஸ் டிரம் எதிரே வந்த லாரிக்கு நேராகப் போனது. ரொம்பத் தைரியமாகத்தான் போனது, ஆனால் லாரி ஜெயித்துவிட்டது.

குழுவை நடத்துகிற தனிஸ்லாஸ் பல்லுக்குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இஞ்ஞாசி, மிக்கேல் மலைக் கொடியேத்தம் வருது. கொடி ஏறும்போது எவன் செட்டோட மேடையில ரெடியா உட்கார்ந்திருக்கானோ அவன்தான் இந்த சீசனுக்கு. நீ வந்தா நீ. இல்லாட்டி நம்ம ரெக்ஸன்."

ரெக்ஸன் அவருடைய அக்கா மகன். புதுசாக ஒரு செட்டு வாங்கி இறக்கியிருந்தான். அதன் ஸ்டாண்டுகளைப் பார்க்கணுமே! ஒவ்வொரு காலும் இரட்டைப் பட்டை, கைத்தண்டி போல்ட்டு, முறுக்கி நிறுத்தினால் போர்வெல் வண்டி வந்து நிற்கிற மாதிரி இருக்கும். சிம்பல் அடிக்கவா, தண்ணி எடுக்கவா என்று சந்தேகமே வந்துவிடும்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"ஓரமா நின்னு கிலுகிலுப்பை குலுக்கண்ணே. அதுக்கும் ஆள் வேணும்ல?"

கிலுகிலுப்பை! வீட்டுக்கு வந்து, ஒரு டப்பாவில் அரிசியைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று குலுக்கிப் பார்த்தேன் தம்பி. பச்சைப்பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற கிழவன் மாதிரி இருந்தேன். கண் கலங்கிப்போச்சு. செங்கோல்மேரி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அரிசியைக் கொட்டிராதீங்க" என்றாள். அவ்வளவுதான் ஆறுதல்.

மறுநாள் அவளே ஒரு சேதி கொண்டுவந்தாள். ரயில்வே காலனியில் டாரதி அம்மா என்று ஒரு ஆங்கிலோ இந்தியப் பாட்டியம்மா. அவருக்குக் கவுன் தைப்பது இவள்தான். அவர் புருஷன் ஹெரால்டு துரை பழைய காலத்தில் டான்ஸ் ஹாலில் டிரம் வாசித்தவர். அவர் போய்ச் சேர்ந்தாச்சு. அம்மா ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். வீட்டில் இரண்டு டிரம் செட்டு கிடக்கு. சேதி கொண்டுவந்தாள், சரி. ஆளும் கூட வரணுமா? "ஊக்கு வாங்கணும், அந்தப் பக்கம்தானே" என்று கூடவே வந்துவிட்டாள்.

ஒரு செட்டு சிவப்பு. ஜிகினா மின்ன, யாரோ புதுசாகப் பெயின்ட் அடித்தது. பார்த்ததும் எனக்கு உள்ளங்கை அரித்தது. இன்னொன்று வெள்ளை. ஒரு காலத்தில் வெள்ளை. முத்துச்சிப்பி மாதிரி மேலுறை, வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி மஞ்சள் பூத்துப்போய், ஆட்டுக்கோ மாட்டுக்கோ தெரியாது, நிஜத் தோல் கட்டினது.

"டூல ஒன் எடுத்துக்கோ மேன்" என்றார் டாரதி அம்மா. "இன்னொண்ணு சர்ச்சுக்குக் கொடுக்கணும்."

நான் சிவப்பைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சந்தையில் மண்பானை வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் மரக்கூட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். டங், டங், டங், தொப். அந்த இடத்தில் காதை வைத்தாள். "இங்க பேச்சு மாறுதுங்க. பெயின்ட்டுக்கு அடியில கீறல் விட்டிருக்கு."

"இது டிரம்மு, தண்ணிப் பானை இல்லை. கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றேன். மானம் போகுது இல்லையா?

சும்மா இருந்தாளா? தோல்களைக் கழற்றச் சொல்லி, கூட்டைக் கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். உள்ளே ஒரு விளக்கை வைத்தாள். ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. மேஜையைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்க்கிறாள். சிவப்பு டிரம்முக்கு அடியில் பல்லுவரிசை மாதிரி வெளிச்சம் கசிந்தது. வெள்ளையை வைத்தால் கம்மென்று இருட்டு. ஒரு நூல் வெளிச்சம் வெளியே வரலை.

டாரதி அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "எங்க ஹெரால்டு இப்படித்தான் பார்க்கும். ஹூ டாட் யூ, மேரி? யார் சொல்லிக் கொடுத்தது?"

"எனக்கு என்னம்மா தெரியும்? கோழி அடைகாத்துக்கிட்டிருக்கு. குஞ்சு பொரிச்சா உள்ள விட்டு பல்பு போடலாம்னு பார்த்தேன். வெளிச்சம் வெளிய போனா சூடும் போயிரும்ல?"

எனக்கு உடம்பே கூசிப்போச்சு தம்பி. துரை வாசித்த டிரம்மில் கோழிக்குஞ்சு வளர்ப்பதைப் பற்றி அந்த வீட்டிலேயே பேசுகிறாள்! ஆனால் டாரதி அம்மா சிரித்தார். வெள்ளை பேஸ் டிரம்முக்குள் கையை விட்டுக் காட்டினார். கழற்றி வைத்த முன்தோலில் கை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே ஒரு பல்பு ஹோல்டர், பல்போடு! மழைநாளில் நிஜத் தோல் ஈரத்தில் தொளதொளத்துப் போகுமாம். உள்ளே பல்பை எரிய விட்டால் காய்ந்து முறுக்கேறுமாம்.

"அப்ப இதுதான்" என்றாள் இவள்.

நான் மனசுக்குள் வெள்ளையைத்தான் முதலிலேயே எடுத்து வைத்திருந்தேன். சிவப்பைப் பார்த்துத் தலையாட்டினது சும்மா, அந்த அம்மா மனசை ஆழம் பார்க்க. கடைசியில் இவள் சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றாகப் போச்சு. சில நேரம் அப்படி அமையும்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பம். இரும்பெல்லாம் மங்கிப் போயிருந்தது. புளியைக் கரைத்து ஊறப்போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி மின்னும் என்று உட்கார்ந்தேன். "குழம்புக்கே புளி இல்லை" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். கஞ்சத்தனம்! அவளே பழைய பனியன் துணியில் மெஷின் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு திருகாகத் துடைத்தாள். எனக்கோ அந்த வேலைக்குப் பொறுமை கிடையாது. என் கை வாசிக்கிற கை.

கூட்டின் விளிம்பில், தோல் உட்காருகிற இடத்தில், கோயிலில் மந்திரித்த மெழுகுதிரியை எடுத்துச் சுற்றிலும் பூசினாள். அவளுக்குப் பக்தி அதிகம். நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் தோலை முறுக்கும்போதெல்லாம் கிறீச்சென்று கத்தும். மெழுகு பூசின பிறகு வழுக்கிக்கொண்டு போய்ச் சமமாக உட்கார்ந்தது, ஒரு முனகல் கிடையாது. மந்திரித்த திரி இல்லையா, அந்த மகிமை.

பெடலில் வார் இற்றுப் போயிருந்தது. தையல் மெஷின் சக்கரத்துக்குத் தோல் பெல்ட் போடுவாங்க பாருங்க, அதில் ஒரு துண்டை நறுக்கி மாட்டிவிட்டாள். தோலை நான் வரிசையாக, ஜாடி மூடி திருகுகிற மாதிரி ஒவ்வொரு திருகாக முறுக்கிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து குரல்: "எதிரும் எதிருமா முறுக்குங்க. பூவேலைக்கு வளையத்துல துணி மாட்டும்போது ஒரே பக்கமா இழுத்தா கோணிக்கும்ல?" பாருங்க, அவளுக்கு எல்லாமே தையல்தான். அவள் வாயை அடைக்க எதிரும் எதிருமாக முறுக்கினேன். தற்செயலாகச் சுருதி நன்றாகச் சேர்ந்துகொண்டது. திருகுச் சாவியை நான் தொலைத்துத் தொலைத்து, இப்போ அது அவள் தாலிக்கயிற்று ஊக்கில்தான் தொங்குது.

சொன்ன மாதிரியே குஞ்சு பொரித்ததும் எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாக பேஸ் டிரம்முக்குள் விட்டாள். கீழே வைக்கோல். மேலே பல்பு. இரவும் பகலும் கீச் கீச் கீச். சண்டை போட்டேன். "தோல் காஞ்சு கிடக்கட்டும்ங்க, உங்களுக்கும் நல்லது" என்றாள். எனக்கு என்ன நல்லது? குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும் வைக்கோலை அவள் முழுசாக எடுக்கலை, சோம்பேறித்தனம். ஆனால் ஒன்று, அந்தச் செட்டில் உதை விழுந்தால் 'தோம்ம்ம்' என்று இழுக்காது. 'தும்' என்று நறுக்காக நிற்கும். அது என் காலின் நயம்.

இனிதான் ஸ்டாண்டு விவகாரம்.

ஹெரால்டு துரையின் ஸ்டாண்டுகள் ஒல்லி ஒல்லியாக, குச்சிக்காலை விரித்துக்கொண்டு கொக்கு நிற்கிற மாதிரி நிற்கும். ஒற்றை விரலால் தூக்கலாம். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ரெக்ஸன் பக்கத்தில் போர்வெல், நான் கொக்கா? இரும்பு பைப்பு கொடுத்து ஒவ்வொரு காலையும் தண்டியாக வெல்டிங் செய்யணும் என்று சொல்லிவிட்டேன்.

"மலைமேல தூக்கணும்ங்க" என்றாள்.

"தூக்குறவன் நான். உனக்கென்ன?"

ஒரு ஸ்டாண்டைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். "சரி, குடுங்க. பட்டறைக்காரர் சம்சாரம் என்கிட்டதான் ஜாக்கெட் தைக்கிறா. நானே சொல்லி வாங்கியாறேன்" என்று எடுத்துக்கொண்டு போனாள். நம்பமாட்டீங்க, அன்று சாயங்காலமே வேலை முடிந்து வந்துவிட்டது! ஒவ்வொரு காலும் என் மணிக்கட்டுத் தண்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து ஜம்மென்று. தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்றது. நல்ல இரும்பு கணீரென்று கத்தாது தம்பி, கெட்டியாக இருந்தால் சத்தம் அடங்கித்தான் வரும். அந்தப் பட்டறைக்காரன் ஒரு மாதிரி ஆள். பிறகு தெருவில் என்னைப் பார்த்து, "இரும்பு நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எதுக்குச் சிரிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

அதே வாரத்தில் எங்க குளியலறைக்குத் தண்ணி வருகிற பிளாஸ்டிக் பைப்பையும் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். எதைத்தான் திருடுவது என்று ஒரு வரைமுறை இல்லை.

கொடியேற்ற நாள் வந்தது. மிக்கேல் மலை தெரியாதே உங்களுக்கு, இப்போ பார்க்கத்தானே போறீங்க. செங்குத்துப் படி. வண்டி ஏறாது. மேலே சம்மனசு மிக்கேலுக்கு, அதாவது தேவதூதருக்கு, சின்னக் கோயில், முன்னால் கொடிமரம், பக்கத்தில் மேடை. எல்லாச் சாமானும் தோள்மேல்தான் போகணும்.

தம்பி, பெருமைக்குச் சொல்லலை. அந்த மொத்த இரும்பு ஸ்டாண்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் பேஸ் டிரம்மையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்கலை! நானே அதிசயப்பட்டேன். சின்ன வயதில் கஞ்சி குடித்து வளர்ந்த உடம்பு, வேறென்ன? மற்ற டிரம்மெல்லாம் இவள் தலையிலும் இடுப்பிலும் வந்தது.

பாதி வழியில் ரெக்ஸன். போர்வெல்லைத் தூக்க நாலைந்து ஆள். ஒருத்தன் ஒரு காலைப் பிடிக்க, இன்னொருத்தன் இன்னொரு காலைப் பிடிக்க, அடம்பிடிக்கிற மாட்டைக் கொண்டுபோகிற மாதிரி போராடிக்கொண்டிருந்தாங்க. பையன் படியில் உட்கார்ந்துவிட்டான். நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

"அங்கிள்... எப்படி அங்கிள்?" என்றான்.

"உடம்பை வளர்க்கணும்டா. ஸ்டாண்டை வளர்த்தா மட்டும் போதுமா?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெருமையில் திரும்பி அவனுக்கு ஒரு கையை ஆட்டினேன் பாருங்க, பேஸ் டிரம் பாறையில் மோதிவிட்டது. உள்ளே கிளிங். பல்பு போச்சு. செங்கோல்மேரி ஓட்டைக்குள் கையை விட்டு, கண்ணாடித் துண்டுகளையும் உடைந்த அடிக்கட்டையையும் பொறுக்கி ஒரு துணியில் முடிந்துகொண்டாள்.

மேலே போய்ச் செட்டைப் பூட்டி உட்கார்ந்தேன். தனிஸ்லாஸ் சுற்றி வந்து பார்த்தார். ஸ்டாண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ம், செட்டு கம்பீரமாத்தான் இருக்கு" என்றார். நான் மீசையைத் தடவினேன்.

அப்போ பார்த்துப் பிடித்தது சாரல். பெரிய மழையும் இல்லை. முகத்தில் ஒட்டுகிற மாதிரி, பஞ்சு மாதிரி ஒரு ஈரம் மலை முழுக்க இறங்கியது. மேடைக்குக் கூரை இருந்தது, ஈரத்துக்குக் கூரை ஏது? ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். 'பொத்'. நனைந்த சாக்கில் குத்தின மாதிரி. இன்னொரு உதை. 'பொத்'. தோல் வயசானவர் கன்னம் மாதிரி தொங்கிப்போச்சு.

தனிஸ்லாஸ் காதில் கையை வைத்தார். "என்ன இஞ்ஞாசி, டிரம்மா தலையணையா? ரெக்ஸன் எந்தப் படியில வர்றான்னு பாருங்கப்பா. கொடி ஏறுறதுக்குள்ள அவனை இழுத்தாங்க." என் கையில் எதையோ திணித்தார். பார்த்தால் கிலுகிலுப்பை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் தம்பி. எழுந்திருக்க மனசு வரலை. எழுந்துவிட்டால் அவ்வளவுதான், இனி உட்காரவே முடியாது என்று தெரியும். சாமியார் கொடிமரத்தடியில் ஜெபத்தை ஆரம்பித்தார். நல்லவேளை, நீளமாக ஜெபிக்கிற சாமியார்.

இந்த நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவள் எங்கே? ஆளைக் காணோம். வந்ததும் வராததுமாக மைக்செட்காரனிடம் பிளக் கேட்டு டிரம்மின் ஒயரை மாட்டிவிட்டிருந்தாள். பல்பே இல்லாத டிரம்முக்கு ஒயர் எதுக்கு? அறிவிருக்கா? மாட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

இனிமேல்தான் கவனமாகக் கேட்கணும். மேடையை ஒட்டி சப்பரம் நிற்குது. அதில் மிக்கேல் சம்மனசு சுரூபம், வாள் பிடித்த சிலை. தலைக்குப் பின்னால் தகட்டில் வட்டம், அதன் நடுவில் ஒரு பல்பு, அதுதான் ஒளிவட்டம். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லாரும் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஒளிவட்டம் பொசுக்கென்று அணைந்துபோச்சு. ஒரு கிழவி பார்த்துவிட்டு, "ஐயோ, சம்மனசு முகத்தைத் திருப்பிக்கிட்டாரே!" என்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் வேண்டிக்கொண்டேன்: சம்மனசே, உன் வாளால் வேண்டுமானால் என்னை வெட்டு, இந்தக் கிலுகிலுப்பை மட்டும் வேண்டாம்.

வேண்டி முடித்துக் கண்ணைத் திறக்கிறேன், என் முழங்காலுக்கு எதிரே டிரம்மின் தோல் வெளிச்சமாக இருக்கு! பௌர்ணமி நிலா மாதிரி, மஞ்சளாக, உள்ளேயிருந்து! பல்பு உடைந்ததை நானே என் காதால் கேட்டிருக்கேன். இந்தக் காது பொய் சொல்லாது. உள்ளே பல்பு கிடையாது. ஆனாலும் எரியுது!

டிரம்மைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். முன்னால் செங்கோல்மேரி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏ மேரி! இங்க என்ன நடக்குதுன்னு பாரு! நீ என்னத்தத் தேடுற?"

"ஊக்கு விழுந்துருச்சுங்க."

அற்புதம் நடக்குது, இவள் ஊக்குத் தேடுகிறாள்! சங்கீதம்தான் இல்லை, கண்ணுமா இல்லை?

சாமியார் இழுத்து இழுத்து ஜெபித்தார். தோலைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. இன்னும் கொஞ்ச நேரத்தில், காய்ந்த அப்பளம் மாதிரி முறுக்கேறிவிட்டது. இவள் சாவியை எடுத்து மற்ற டிரம்களின் திருகையும் எதிரும் எதிருமாக ஒரு பிடி பிடித்துவிட்டாள். கொடி அசைந்தது. கிலுகிலுப்பையைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு ஒரு உதை விட்டேன்.

தும்!

எதிர்மலை திருப்பிச் சொன்னது தம்பி. தும்! கூட்டம் அப்படியே திரும்பியது. அந்த முதல் உதைக்கு, முன்தோல் ஓட்டையிலிருந்து சின்னதாக ஒரு வெள்ளை இறகு புறப்பட்டு, மேடை வெளிச்சத்தில் மிதந்து மிதந்து, ஒளிவட்டம் அணைந்ததைப் பார்த்த அந்தக் கிழவியின் மடியிலேயே போய் இறங்கியது. "இஸ்பிரித்து சாந்து!" என்று அலறினாள். பரிசுத்த ஆவி புறா வடிவில்தானே வருவார்? அதற்குமேல் என்ன சாட்சி வேணும்? இன்றைக்கும் அந்த இறகு அவள் ஜெபப் புத்தகத்தில் இருக்கு, நீங்க போனால் காட்டுவாள்.

கொடி ஏறி முடிகிற வரைக்கும் வாசித்தேன். அப்படி ஒரு வாசிப்பு என் ஜென்மத்தில் வாசித்ததில்லை. கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரெக்ஸன் ஒரு ஸ்டாண்டின் ஒற்றைக் காலோடு மேலே வந்து சேர்ந்தான். மிச்சம் படியில் வந்துகொண்டிருக்காம். தனிஸ்லாஸ் அவனைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் வந்து, பல்லுக்குச்சியைத் துப்பிவிட்டு, "சீசன் முழுக்க நீதாண்ணே" என்றார். கீழே கிடந்த கிலுகிலுப்பையை அவரே பொறுக்கி ரெக்ஸன் கையில் கொடுத்தார்.

இன்னும் முடியலை. கடைசி ஆசீர்வாதத்துக்கு மலை முழுக்க முழந்தாளிட்டது. நானும் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால் டிரம் இருட்டு. சப்பரத்தில் சம்மனசின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் ஜெகஜோதியாக எரியுது! கொடுத்த ஒளியை வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார் தம்பி. சாமியார்கூட வாயைப் பிளந்துவிட்டார். ஜனங்கள் ஓடி வந்து டிரம்மைத் தொட்டுக் கும்பிட்டாங்க. அந்த வருஷத்திலிருந்து இந்த டிரம் இல்லாமல் மிக்கேல் மலையில் கொடி ஏறினதில்லை.

இத்தனை பேர் முழந்தாளிட்டிருக்க, எங்க வீட்டுக்காரி என்ன செய்தாள் தெரியுமா? சப்பரத்துக்குப் பின்னாலிருந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆடி அசைந்து வருகிறாள். வந்து என் பக்கத்தில் நின்று, விரலை உதட்டருகே வைத்து ஃபூ, ஃபூ என்று ஊதிக்கொண்டிருக்கிறாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினவள் மாதிரி.

எனக்கு அடக்க முடியாத கோபம். "முழந்தாளும் போடாம, ஜெபமும் சொல்லாம எங்கடி சுத்திட்டு வர்ற? உன் புருஷனுக்குச் சம்மனசே விளக்குப் பிடிச்சிருக்கார், தெரியுமா?" என்றேன். சொல்லி முடிக்கும் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டாள். ஊதிக்கொண்டிருந்த அந்த விரலாலேயே, இன்னும் சுட்டுக்கொண்டிருந்த அந்த விரலாலேயே, என் நெற்றியில் மெல்ல ஒரு சிலுவை போட்டாள்.